179 இடங்களில் 34 மட்டும்: டென்மார்க்கில் சிறுபான்மை அரசு எப்படி நிலைக்கிறது?

கேள்வி

டென்மார்க்கின் 2015 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி 47 இடங்களையும் டென்மார்க் மக்கள் கட்சி 37 இடங்களையும் பெற்றன. ஆனால் 34 இடங்களுடன் மூன்றாவதாக வந்த வென்ஸ்த்ரே கட்சியின் லார்ஸ் லொக்கே ராஸ்முசென், தம் கட்சியினரை மட்டுமே கொண்டு அமைச்சரவை அமைத்தார். பெரும்பான்மைக்கு 90 பேர் தேவைப்படும் அவையில் இத்தகைய அரசு வரவுசெலவுத் திட்டத்தையாவது எவ்வாறு நிறைவேற்றும்? 37 இடங்களை வென்ற கட்சி ஏன் வெளியே நின்றது?

பதில் 1

பிரதமருக்குப் பெரும்பான்மை ஆதரவு இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதியன்று. அவருக்கு எதிராகப் பெரும்பான்மை திரளக் கூடாது என்பதே விதி. பதவியேற்கும்போது நம்பிக்கை வாக்குக் கோர வேண்டியதில்லை. 1953-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால்தான் அவர் பதவி விலகவோ தேர்தலை அறிவிக்கவோ வேண்டும். 2015-இல் வென்ஸ்த்ரே 34, மக்கள் கட்சி 37, லிபரல் அலையன்ஸ் 13, கன்சர்வேடிவ் 6 என வலதுசாரி அணிக்குச் சரியாக 90 இடங்கள் இருந்தன, ஒன்றுகூட மிகையில்லை.

மக்கள் கட்சி வெளியே நின்றது கணக்குப் போட்டுத்தான் என்பது என் கருத்து. குடியேற்றக் கொள்கையில் தனக்கு வேண்டிய கடுமையை வெளியிலிருந்தே கேட்டுப் பெறலாம். அரசின் மீதான அதிருப்தியில் பங்கு ஏற்க வேண்டாம். ஆனால் 2019 தேர்தலில் அக்கட்சி 16 இடங்களுக்குச் சரிந்தது.

பதில் 2

முதல் பதில் சரியே எனினும், அரசு கவிழாமலிருப்பதை மட்டுமே அது விளக்குகிறது. ஆட்சி நடப்பதை விளக்கவில்லை. அதற்கு அடிப்படை, கட்சிகளுக்கிடையே துறைவாரியாக ஏற்படும் எழுத்துவழி உடன்பாடுகள். ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்ட கட்சி, ஆட்சியில் இல்லாவிட்டாலும், தன் இசைவின்றி அதனை மாற்றவிடாது. எனவே ஓய்வூதியத்துக்கு ஒரு கூட்டு, பாதுகாப்புக்கு வேறொரு கூட்டு என அமைவது அங்கு இயல்பு. 1973-இல் அவையிலிருந்த கட்சிகளின் எண்ணிக்கை ஐந்திலிருந்து பத்தாக உயர்ந்தபோது, பவுல் ஹார்ட்லிங் வெறும் 22 இடங்களுடன் பிரதமரானார்.

துறைக்கொரு கூட்டு என்னும் இம்முறையின் உச்சத்தை 1982 முதல் 1988 வரை காணலாம். நேட்டோ ஏவுகணைகள் குறித்த வாக்கெடுப்புகளில் பிரதமர் பவுல் ஷ்லூட்டரின் அரசு மீண்டும் மீண்டும் தோற்றது. நேட்டோ ஆவணங்களில் டென்மார்க்கின் மாற்றுக் கருத்து அடிக்குறிப்புகளாக இடம்பெற்றது. ஆயினும் அவர் பதவி விலகவில்லை. அயலுறவில் அவரைத் தோற்கடித்த ரடிகாலே வென்ஸ்த்ரே கட்சியே (இது வென்ஸ்த்ரே அன்று, வேறு கட்சி) பொருளாதாரத்தில் அவரைத் தாங்கி நின்றது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் 2022-இல் சமூக ஜனநாயகக் கட்சியின் மெத்தே ஃபிரடெரிக்சன் ஏன் பெரும்பான்மை அரசை நாடினார்?

பதில் 2

இடது, வலது அணிகளின் எல்லையைக் கடக்கும் அரசையே அவர் தேர்தலுக்கு முன்பும் வேண்டினார். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 50, வென்ஸ்த்ரேவுக்கு 23, வென்ஸ்த்ரேவை விட்டு விலகிய அதே ராஸ்முசென் தொடங்கிய மாடரேட்ஸ் கட்சிக்கு 16 என மொத்தம் 89 இடங்கள். எஞ்சிய குறையை வட அட்லாண்டிக் பகுதிகளான கிரீன்லாந்து, ஃபாரோ தீவுகளின் உறுப்பினர்கள் தந்த ஆதரவு நிரப்பியது. பேச்சுவார்த்தை ஆறு வாரங்கள் நீண்டது. அடுத்த ஆண்டே, பாதுகாப்புச் செலவுக்கு நிதி திரட்டுவதாகக் கூறி, 1686 முதல் இருந்துவந்த பெருஞ்செப நாள் என்னும் கிறித்தவப் பொது விடுமுறையைத் தொழிற்சங்கங்களின் கடும் எதிர்ப்பையும் மீறி அந்த அரசு நீக்கியது. 34 இடங்களுடன் இருந்த ராஸ்முசென் இதற்குத் துணிந்திருக்க மாட்டார்.