கண்ணுக்குள் இம்பிளான்ட் வைக்கும் அப்ளிகேட்டர்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

தேன்மொழி:
அப்பாவுக்குச் சர்க்கரையால விழித்திரை நடுவுல நீர் கோத்திருக்கு. இதுவரை போட்ட ஊசிகள்ல முழுசா வத்தல. அடுத்து ஓசுர்டெக்ஸ் இம்பிளான்ட் வைக்கலாம்னு டாக்டர் சொல்றார். அப்ளிகேட்டர்னு பேனா மாதிரி ஒரு கருவியைக் கையில பிடிச்சு உள்ளே செலுத்துவாங்களாம். "கண்ணுக்குள்ள ஒரு பொருளை வச்சுக்கிட்டு எப்படிம்மா இருக்கிறது?"ன்னு அப்பா கேட்டுக்கிட்டே இருக்கார். வலிக்குமா? பிறகு அதை வெளியே எடுக்கணுமா?

செல்வம்:
எனக்கு விழித்திரை ரத்தக்குழாய் அடைப்புக்காக வச்சாங்க. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டதால வலி பெரிசா இல்லம்மா, ஒரு அழுத்தம் தெரிஞ்சுது. 'டிக்'னு சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான். வெள்ளை விழி சில நாள் சிவந்திருந்தது.

மலர்விழி (கண் தியேட்டர் நர்ஸ்):
தேன்மொழி, இந்த அப்ளிகேட்டரைப் பிரிச்சு டாக்டர் கையில கொடுக்கிறது என் அன்றாட வேலை. அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

உள்ளே போறது ஒரு மருந்துக் குச்சி. நீளம் 6 மி.மீ., தடிமன் அரை மி.மீ.கூட இல்லை. அதுல 0.7 மி.கி. டெக்ஸாமெத்தசோன் இருக்கு, அது ஸ்டீராய்டு. மீதி, கரையற தையல் நூல்ல இருக்கிற வகைப் பாலிமர். மாசக்கணக்குல மருந்தை மெல்ல விட்டுட்டு அதுவே கரைஞ்சு போயிடும். எடுக்க வேண்டியதில்லைன்னு அப்பாகிட்ட முதல்ல சொல்லுங்க.

குச்சி ஊசிக்குள்ளேயே தயாரா வரும். ஒரு கண்ணுக்கு ஒரு கருவி, அப்புறம் தூக்கிப் போட்டுடுவோம். கண்ணை அயோடின் மருந்தால சுத்தம் பண்ணி, இமையை கிளிப் வச்சு விரிச்சுப்பாங்க. கருவியில இருக்கிற பாதுகாப்புப் பட்டையை வளைக்காம நேரா இழுத்து எடுக்கணும். கருவிழி ஓரத்துல இருந்து 3.5 – 4 மி.மீ. தள்ளி, வெள்ளை விழி வழியா ஊசி போகும். வழக்கமான கண் ஊசி பெரும்பாலும் 30 கேஜ், இது 22 கேஜ். எண் குறைஞ்சா ஊசி தடிமன். அதனாலதான் நேராக் குத்தாம, சாய்ச்சு வெள்ளை விழிச் சுவருக்குள்ள கொஞ்சம் ஓட்டி, பிறகு கண்ணோட நடுப்பக்கம் திருப்புவாங்க. உருவினதும் பாதை தானா மூடிக்கும், தையல் கிடையாது.

செல்வம் ஐயா சொன்ன 'டிக்' பட்டன் முழுசா அமுங்கினப்ப வர்றது. பாதியில ஊசியை எடுத்துடக் கூடாதுங்கிறதுக்கு அந்தச் சத்தம்தான் டாக்டருக்கு அடையாளம். அப்பாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, திடுக்கிட்டுத் தலையை அசைச்சுடக் கூடாது.

ஆனா கருவியைவிட முக்கியமா நான் கேட்கிறது இது: அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிருக்கா?

தேன்மொழி:
ஆமாக்கா, அந்தக் கண்ணுலயே ஆயிருக்கு. அப்ப வச்ச லென்ஸோட விவர அட்டை இருக்கு. அதனால ஏதும் சிக்கலா?

மலர்விழி (கண் தியேட்டர் நர்ஸ்):
பெரும்பாலும் சிக்கல் இல்லைம்மா. லென்ஸுக்குப் பின்னாடி இருக்கிற மெல்லிய பைதான் குச்சியைப் பின்பக்கமே நிறுத்தி வைக்குது. அந்தப் பை கிழிஞ்சிருந்தாலோ, லென்ஸை முன்அறையில (கருவிழிக்கும் கண்மணிக்கும் நடுவுல) வச்சிருந்தாலோ குச்சி முன்னாடி நகர்ந்து கருவிழியைக் கெடுக்கும். அப்படிப்பட்டவங்களுக்கு இதை வைக்கவே கூடாது. டாக்டர் கண்மணியை விரிச்சுப் பார்ப்பார், இருந்தாலும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் அட்டையையும் நீங்களே எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தா அதையும் சொல்லுங்க. ஸ்டீராய்டுங்கிறதால கண் அழுத்தம் ஏறலாம். ரெண்டாவது மாச வாக்குலதான் உச்சத்துக்குப் போகும். பலருக்குச் சொட்டு மருந்துலயே அடங்கிடும். ஆனா பார்வை நல்லா இருக்கேன்னு அந்தச் செக்கப்பைத் தள்ளிப்போட்டுடாதீங்க. அழுத்தம் ஏறுறது வலியாத் தெரியாமலும் இருக்கலாம்.

வச்ச பிறகு வலியோ சிவப்போ கூடிக்கிட்டே போனா, வெளிச்சம் கூசினா, பார்வை மங்கினா மறுநாள்னு காத்திருக்காம அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க.