இணையப் புதையல் வேட்டை: பிள்ளைகள் தேடக் கற்கிறார்களா, காப்பியடிக்கக் கற்கிறார்களா?

கரும்பலகை:
ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பருவத்துக்கு ஒருமுறை கணினி அறையில் இணையப் புதையல் வேட்டை வைப்பது வழக்கம். இணையத்தில் தேடி விடை எழுத 12 கேள்வி, மூன்று மூன்று பேராகக் குழு, இரண்டு பாடவேளை, முதலில் முடிக்கும் குழுவுக்குப் பரிசு. தாளை இணைத்திருக்கிறேன். இது வெறும் விளையாட்டு, பிள்ளைகள் இதில் ஒன்றும் கற்பதில்லை என்று பள்ளியில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. "தேடும் முறைகள்" என்று தலைப்புப் போட்டு நடத்திப் பாருங்கள், பத்தாவது நிமிடம் பாதி வகுப்பு கொட்டாவி விடும். மேற்கோள்குறிக்குள் போட்டால் சொற்றொடர் அப்படியே கிடைக்கும், கழித்தல்குறி போட்டால் வேண்டாத சொல் வந்த பக்கங்கள் விலகும், ஒரே தளத்துக்குள் மட்டும் தேடலாம். இதெல்லாம் காதால் கேட்டு வருகிற வித்தையா? கை பழக வேண்டாமா?

நூலகக்காரி:
கை பழக வேண்டும், சரி. எதற்குப் பழகுகிறது என்பதுதான் கேள்வி சார். உங்கள் தாளில் 4ஆம் கேள்வி: "சனிக் கோளுக்கு எத்தனை நிலவுகள்?" விடை என்ன வைத்திருக்கிறீர்கள்?

கரும்பலகை:
274.

நூலகக்காரி:
146 என்று எழுதிய குழுவுக்கு?

கரும்பலகை:
மதிப்பெண் இல்லை. பழைய பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

நூலகக்காரி:
நான் சொல்ல வந்ததே இதுதான். 2019இல் 82 என்றார்கள். 2023இல் 146 ஆனது. 2025 மார்ச்சில் ஒரேயடியாக 128 நிலவுகளுக்கு அங்கீகாரம் கிடைத்து 274 ஆனது. இந்த மூன்று எண்ணும் இணையத்தில் இன்றும் கிடக்கின்றன, எழுதப்பட்ட நாளில் மூன்றும் சரி. ஒரு பிள்ளை "146, இந்தப் பக்கம் 2023இல் எழுதியது" என்று குறித்தால் அது ஆராய்ச்சி. இன்னொரு பிள்ளை முதலில் கண்ணில் பட்ட 274ஐ எழுதிவிட்டு 5ஆம் கேள்விக்கு ஓடினால் அது அதிர்ஷ்டம். உங்கள் தாள் இரண்டாவது பிள்ளைக்குத்தான் மதிப்பெண் போடுகிறது.

இரவுஆந்தை:
அம்மாவாகச் சொல்கிறேன். போன வருஷம் வரைக்கும் என் பையன் கூகுளில் முழுக் கேள்வியையும் அப்படியே தட்டுவான். ஒரு வேட்டைக்குப் பிறகுதான் தேவையான சொற்களை மட்டும் பொறுக்கிப் போடக் கற்றுக்கொண்டான். அதுவும் ஒரு படிதானே மேடம்? எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் எதிர்பார்த்தால் எப்படி?

நூலகக்காரி:
படிதான், மறுக்கவில்லை. அந்தப் படியிலேயே பிள்ளைகளை நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் என் புகார். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வெளியிட்ட ஆய்வைப் படித்துப் பாருங்கள். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 10 பேர், அங்கேயே படிக்கும் மாணவர்கள் 25 பேர், தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர். ஒரு வேலையில் இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் தளங்களைக் காட்டி எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய பெரிய அமைப்பு. மற்றது அதிலிருந்து பிரிந்தவர்கள் 2002இல் தொடங்கிய சின்னக் குழு. பெயரில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாணவர்கள் பலரும், வரலாற்று அறிஞர்களில்கூடச் சிலரும், சின்னம், வடிவமைப்பு, தள முகவரியின் கடைசி எழுத்துகள் (.org போல) என்று அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றி ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சட்டென்று வெளியே வந்து புது டேப் (உலாவியில் இன்னொரு பக்கம்) திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் அவர்களுக்குத்தான் விஷயம் பிடிபட்டது. நம் வேட்டை என்ன பழக்குகிறது? பக்கத்துக்குள் போ, விடையைக் கொத்து, அடுத்த கேள்விக்கு ஓடு. சரிபார்க்கப் புது டேப் திறக்கும் பிள்ளைக்கு நேரம் போகும், பரிசும் போகும்.

கரும்பலகை:
ஆய்வு நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள். என் வகுப்பில் டேப் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. ஒரு வீட்டில் மூன்று கணினி, இன்னொரு வீட்டில் அப்பாவின் கைபேசி மட்டும். வேட்டை அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் சமன் செய்கிறது. தவிர, இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. 1995லேயே அமெரிக்காவின் சான் டியாகோவில் பேராசிரியர் பெர்னி டாட்ஜ் "வெப்குவெஸ்ட்" என்று கொண்டுவந்தார். அப்போதிருந்து எத்தனையோ ஆசிரியர்கள் செய்து பார்த்ததுதான்.

நூலகக்காரி:
வெப்குவெஸ்டை ஏன் சார் துணைக்கு இழுக்கிறீர்கள்? அது கிட்டத்தட்ட நேர் எதிர். அதில் பார்க்கவேண்டிய தளங்களை ஆசிரியரே பொறுக்கிக் கொடுத்துவிடுவார். தேடுவதில் நேரம் போகக் கூடாது, கிடைத்ததை வைத்து யோசிப்பதில் போகட்டும் என்பதுதான் டாட்ஜின் எண்ணம்.

கரும்பலகை:
அப்படியானால் அதில் தேடவே கற்பதில்லை. என் தாளில் தேடவாவது செய்கிறார்கள்!

கடைசிபெஞ்ச்:
கல்லூரி முதலாம் ஆண்டு. பள்ளியில் இந்த வேட்டை நிறைய ஆடியிருக்கிறேன், ஜெயித்தும் இருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இப்போது இந்தத் தாளைக் கொடுத்தால் யாரும் தேட மாட்டார்கள். தாளை அப்படியே படம் பிடித்து சாட்பாட்டிடம் கொடுப்பார்கள், 12க்கும் விடை வரும். ஒன்றிரண்டு தப்பாக இருக்கும், எது தப்பு என்று தெரியாது. சாட்பாட்டைத் தடை செய்தாலும் பயனில்லை, கூகுளே இப்போது மேலே விடையை எழுதிக் காட்டிவிடுகிறது. கீழே இருக்கும் இணைப்பை எவன் தொடுவான்?

கரும்பலகை:
தம்பி, அதனால்தான் கணினி அறையில் என் கண் முன்னால் நடத்துகிறேன்.

கடைசிபெஞ்ச்:
உங்கள் கண் 40 திரையையும் பார்க்குமா சார்? :)

இரவுஆந்தை:
மரத்தில் வாழும் ஆக்டோபஸ் என்று ஒரு பொய்த் தளம் உண்டே, அதைக் கொடுத்தால் என்ன? நம்புகிறார்களா என்று பார்க்கலாம்.

நூலகக்காரி:
அது 1998இல் வந்தது. ஒரு காலத்தில் நன்றாக வேலை செய்தது. இன்றைக்கு அதன் பெயரைத் தட்டினாலே புரளி என்று முதலில் வந்துவிடும். ஒருமுறை ஏமாந்த பிள்ளை அதற்குப் பிறகு எதையுமே நம்பமாட்டேன் என்று கிளம்புவதும் ஆபத்து. எல்லாவற்றையும் சந்தேகப்படுவது பெரிய வேலை இல்லை, யாரும் செய்யலாம்.

கரும்பலகை சார், குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. விடையை நீங்களே கொடுத்துவிடுங்கள், வழியைக் கேளுங்கள். உதாரணம் எவரெஸ்ட். 8,848 மீட்டர், 8,850, 8,844.43, 8,848.86 என்று நான்கு எண்ணையும் தாளிலேயே அச்சடித்துக் கொடுங்கள். ஒவ்வொன்றும் யார், எந்த ஆண்டு, எதை அளந்து சொன்னது என்று கேளுங்கள். 8,844.43 சீனா 2005இல் சொன்னது, மேலிருக்கும் பனியைச் சேர்க்காமல் பாறை வரைக்கும் அளந்தது. 8,848.86 நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020 டிசம்பரில் அறிவித்தது. இதைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு, நான்கில் எது பொய் என்ற கேள்வியே தப்பு என்று தானாகப் புரியும். மேற்கோள்குறி, கழித்தல்குறி எல்லாம் போகிற வழியில் கற்றுக்கொள்வார்கள், ஏனென்றால் அவை இல்லாமல் இதை முடிப்பது கஷ்டம். சாட்பாட்டிடம் கேட்கட்டும், தடையில்லை. அது சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று திறந்து காட்டினால்தான் மதிப்பெண்.

கரும்பலகை:
கேட்க நன்றாக இருக்கிறது. 40 பேர், ஆளுக்கு நான்கு பத்தி. திருத்துவது யார்? என் தாளில் ஒரு பார்வையில் சரி, தப்பு போட்டுவிடலாம். பரிசையும் கடிகாரத்தையும் எடுத்துவிட்டால் பத்து நிமிடத்தில் யூடியூபுக்குப் போய்விடுவார்கள், இதையும் கணக்கில் வையுங்கள்.

நூலகக்காரி:
பத்தி வேண்டாம். எண்ணுக்கு ஒரு வரி: பக்கத்தின் பெயர், தேதி, வெளியிட்டவர். இன்னொரு குழு அதைத் திறந்து பார்த்து ஒப்பமிடட்டும். பரிசு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அடுத்த குழுவின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் குழுவுக்குக் கொடுங்கள்.

கரும்பலகை:
பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்! 12 கேள்வியில் 3 இப்படி வைத்துப் பார்க்கிறேன். மீதி 9 பழையபடியே. முதலில் முடிப்பவர்களுக்குத்தான் பரிசு, அதில் மாற்றமில்லை.

நூலகக்காரி:
முதலில் முடிப்பவர்களுக்குப் பரிசு இருக்கும்வரை அந்த 3 கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிட்டு ஓடுவார்கள் சார்.

கடைசிபெஞ்ச்:
நடுவில் ஒரு சந்தேகம். நீங்கள் சொன்னதும் தேடிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் எவரெஸ்ட் 8,840 மீட்டர் என்று இருக்கிறது. உங்கள் நான்கு எண்ணில் அது இல்லையே?

கரும்பலகை:
1856இல் முதல்முதலாக அறிவித்தபோது 29,002 அடி என்றார்கள் தம்பி. மீட்டருக்கு மாற்றினால் 8,840 வரும்.

நூலகக்காரி:
அது சார் சொன்னது. உங்கள் பக்கம் என்ன சொல்கிறது? தேதி போட்டிருக்கிறதா?

கடைசிபெஞ்ச்:
தேதி இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை. இருங்கள், இன்னொரு டேப் திறக்கிறேன்.