2008-க்கும் 2009-க்கும் நடுவே விலை ஏன் இப்படிக் குதிக்கிறது? (பழைய 911 கேரேரா)

வளைவுப்பாதை (கேள்வி)

வணக்கம். பழைய போர்ஷே 911 வாங்கலாம் என்று விளம்பரங்களைப் பார்த்து வருகிறேன். 2008 கேரேரா எஸ், 2009 கேரேரா எஸ் இரண்டும் வெளியே இருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே வண்டிதான். ஓடிய தூரமும் ஏறக்குறைய சமம். ஆனால் கேட்கும் விலையை ஓராண்டு வயது வித்தியாசத்தில் அடக்கவே முடியவில்லை. 2001–2004 கேரேராக்கள் இன்னும் கீழே கிடக்கின்றன, அதே காலத்து டர்போ மட்டும் மேலே நிற்கிறது. எல்லாம் இன்ஜின் பயம்தானா? மலிவான வருடத்தை எடுத்து மிச்சப் பணத்தில் இன்ஜினைச் சரிசெய்தால் கணக்கு ஒத்துவருமா?

ஆறு_சிலிண்டர்

இன்ஜின்தான். மாடல் வருடத்தை விட்டுவிட்டு, உள்ளே எந்த இன்ஜின் இருக்கிறது என்று பாருங்கள், விலைப்பட்டியல் தானாகப் புரியும்.

996 கேரேராவிலும் (நீங்கள் சொன்ன 2001–2004 வண்டிகளின் தலைமுறை) போர்ஷேயின் முதல் பாக்ஸ்டரிலும் இருப்பது எம்96 என்ற இன்ஜின். இதில் கிராங்குக்குக் கீழே ஓடி, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளைச் சுழற்றும் இடைத்தண்டின் ஒரு முனையை மூடிய பால் பேரிங் தாங்குகிறது. இதைத்தான் எல்லோரும் ஐ.எம்.எஸ். பேரிங் என்கிறார்கள். தொடக்கத்தில் இரட்டை வரிசை பேரிங் இருந்தது. 2000-ஐ ஒட்டி ஒற்றை வரிசைக்கு மாற்றினார்கள், அங்கேதான் வினை. அமெரிக்காவில் 2001–2005 வண்டிகளுக்காக நடந்த கூட்டு வழக்கில் அடிபட்ட கணக்கு: ஒற்றை வரிசையில் சுமார் 8 சதவீதம், இரட்டை வரிசையில் 1 சதவீதத்துக்கும் கீழே. பேரிங் உடைந்தால் கேம் டைமிங் தப்பி வால்வும் பிஸ்டனும் மோதும். இன்ஜின் போனது போனதுதான்.

2006 முதல் 2008 வரை பெரிய பேரிங். அரிதாகவே உடைகிறது. ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் அதை மாற்ற முடியாது. 2009-இல் வந்த 9ஏ1 இன்ஜினில் இடைத்தண்டே கிடையாது. நீங்கள் பார்த்த விலைக் குதிப்பு இதுதான்.

அந்தக் காலத்து டர்போவிலும் ஜிடி3-யிலும் இருப்பது மெட்ஸ்கர் என்ற பொறியாளரின் பெயரில் அழைக்கப்படும் வேறு இன்ஜின். அங்கே இடைத்தண்டு ஆயில் அழுத்தத்தில் மிதக்கும் சாதா பேரிங்கில் சுழல்கிறது, சிலிண்டர் சுவரில் நிக்கசில் (நிக்கல்–சிலிக்கன் கார்பைடு) பூச்சு. அதனால்தான் அந்த விலை. அதிலும் ஒரு கண் வேண்டும்: கூலண்ட் குழாய் இணைப்புகள் பசையால் ஒட்டியவை, சூட்டில் கழன்றுவிடும். வெல்டிங் வைத்திருக்கிறார்களா, கழலாமல் இருக்க உலோக முளை அடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கரிப்புகை

மேலே சொன்னது சரி, ஆனால் சந்தை தவறான நோய்க்குப் பயப்படுகிறது என்பேன். ஐ.எம்.எஸ். பேரிங்கைக் கிளட்ச் மாற்றும்போதே மாற்றிவிடலாம். கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் எப்படியும் கழற்றியாயிற்று, கூடவே பின்பக்க ஆயில் சீலையும் போட்டுவிட வேண்டியதுதான். ஒரே நிபந்தனை: முதலில் ஆயில் ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இருந்தால் புது பேரிங் போடுவது வீண் செலவு. அந்தத் துகள் ஏற்கெனவே இன்ஜின் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது.

2005–2008 கேரேரா எஸ்ஸின் 3.8 லிட்டர் இன்ஜினில் உண்மையான ஆபத்து சிலிண்டர் சுவர் கீறல். லோக்கசில் (சிலிக்கன் கலந்த அலுமினியம்) சுவரில் இருக்கும் சிலிக்கன் துகள்கள் பெயர, பிஸ்டனின் பக்கச் சுவரான பாவாடையின் பூச்சு உரிந்து, உலோகம் உலோகத்தோடு தேய்கிறது. பெரும்பாலும் 4, 5, 6-ஆம் சிலிண்டர்கள். அறிகுறிகள்: ஐடிலில் டிக் டிக் சத்தம், ஒரு பக்கப் புகைக்குழாயில் மட்டும் கரி, ஆயில் குறைவது.

கம்ப்ரெஷன் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். கீறல் இருந்தும் எண்கள் அழகாக வரும். பிளக் துளை வழியாக போர்ஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டுப் பார்ப்பது பாதி வேலை. சம்ப்பை (இன்ஜினின் அடி ஆயில் தொட்டி) கழற்றிக் கீழிருந்தும் பார்த்தால்தான் சுவரின் அடிப்பகுதி தெரியும். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லையா? வேறு வண்டி பாருங்கள்.

ஒன்று, 9ஏ1 தெய்வம் அல்ல. நேரடி எரிபொருள் ஊசி என்பதால் உயர் அழுத்த பம்ப் சாகும், உள்வால்வில் கரி சேரும். ஆனால் இவை ஒரு பில்லோடு முடிகிற வேலைகள்.

பத்து_அறுபது

எல்லா வண்டிக்கும் வருடம் உதவாது. பி.எம்.டபிள்யூ எம்3-இன் எஸ்65 வி8 (2008–2013) நல்ல உதாரணம். கனெக்டிங் ராட் பேரிங்கில் இடைவெளி மிகக் குறைவு, ஊற்றுவதோ 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ஆயில், 8,000 ஆர்.பி.எம்முக்கும் மேலே சுழல்கிறது. இடையில் பேரிங் உலோகத்தை ஈயம்–செம்பிலிருந்து தகரம்–அலுமினியத்துக்கு மாற்றினார்கள், ஆனால் இடைவெளியை மாற்றவில்லை. ஆகவே புது வருடம் என்று கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. பணம் கொடுக்க வேண்டியது பேரிங் மாற்றிய ரசீதுக்கு: 16 அரைவட்டத் தகடுகள், புது ராட் போல்ட்டுகள். இன்ஜினை வெளியே எடுக்காமல், முன் சப்ஃப்ரேமை இறக்கி, சம்ப்பைக் கழற்றிச் செய்கிற வேலை. ஆயில் பரிசோதனை அறிக்கை காட்டினால் எந்த பேரிங் என்று கேளுங்கள். ஈயம் இல்லாத பேரிங்கில் "ஈயம் குறைவாக இருக்கிறது" என்ற அறிக்கையால் என்ன பயன்?

மாஸ்டா ஆர்எக்ஸ்-8-இல் (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் உள்ள வண்டி) ரோட்டரி இன்ஜினுக்கான தனி மீட்டரில் எடுத்த கம்ப்ரெஷன் எண்கள் இல்லாமல் விலை பேசவே வேண்டாம்.

வளைவுப்பாதை

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: 2005 மாடல் 997 (996-க்கு அடுத்த தலைமுறை 911) கிடைக்கிறது, விலை இறங்கியிருக்கிறது. அதில் சின்ன பேரிங்கா, பெரியதா?

ஆறு_சிலிண்டர்

இரண்டும் வந்த வருடம் அது. இன்ஜின் எண் ஒரு யூகம்தான் தரும். கியர்பாக்ஸ் கழற்றும்போது இடைத்தண்டின் நடு நட்டைப் பாருங்கள்: 13 மி.மீ. என்றால் சின்னது, மாற்றலாம். 22 மி.மீ. என்றால் பெரியது, தொடாதீர்கள். வாங்குமுன் இதைப் பார்க்க வாய்ப்பில்லை, எனவே சின்ன பேரிங் என்றே வைத்து, கிளட்ச் வேலையையும் சேர்த்து விலையைக் குறைத்துக் கேளுங்கள். போர்ஸ்கோப் மட்டும் பணம் கொடுப்பதற்கு முன்னால்.