உபுண்டு, மின்ட், சோரின்: அடித்தளம் ஒன்றுதான் என்றால் எதைப் போடுவது?

கேள்வி (புதுமுகம்):
விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, என் பழைய லேப்டாப்பில் 11 ஏறாது. 4 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. லினக்ஸ் பக்கமே போனதில்லை. உபுண்டு, மின்ட், சோரின் என்று ஆளாளுக்கு ஒரு லினக்ஸ் வகையைச் சொல்கிறார்கள், கடைசியில் பார்த்தால் எல்லாமே உபுண்டு மேல் கட்டியதாம். அப்போ வித்தியாசம் வெறும் வால்பேப்பர்தானா? பிரவுசர், ஆபீஸ் வேலை, கொஞ்சம் வீடியோ, இவ்வளவுதான் எனக்குத் தேவை.

பதில் (கர்னல்கிறுக்கன்):
வால்பேப்பரைத் தாண்டியும் இருக்கிறது. மின்ட் 22 உபுண்டு 24.04 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) மேல் நிற்கிறது, பெரும்பாலான பேக்கேஜ்கள் (மென்பொருள் தொகுப்புகள்) அங்கிருந்தே வருகின்றன, அதனால் உபுண்டுவுக்கென்று இணையத்தில் கிடைக்கும் தீர்வுகளில் முக்கால்வாசி இதிலும் அப்படியே பலிக்கும். மாறுவது டெஸ்க்டாப்பும் மென்பொருள் வந்து சேரும் வழியும். உபுண்டுவில் ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை மூலம் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைக் கேட்டால்கூட, உபுண்டு தயாரிப்பாளர்களின் சொந்த மென்பொருள் வடிவமான ஸ்னாப்தான் இறங்கும்! மின்ட் 2020-ல் வந்த 20ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப்பைத் தடுத்தே வைத்திருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸை டெப் என்ற வழக்கமான பேக்கேஜ் வடிவில் தருகிறது. கூடவே கணினியின் நிலையைப் பதிந்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவி வருகிறது, அப்டேட் ஏதாவது சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம், புதிதாக வருபவருக்கு இதைவிடப் பெரிய தைரியம் கிடையாது. 4 ஜிபிக்கு, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு வரும் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, யோசிக்கவே வேண்டாம்.

பதில் (ஜன்னல்தாண்டி):
சோரினை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். விண்டோஸ் மாதிரி மெனு, டாஸ்க்பார் எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் கோர் பதிப்பே போதும், காசு கொடுத்து வாங்கும் ப்ரோவில் கூடுதல் லேஅவுட்களும் (திரை அமைப்புகள்) சில மென்பொருள்களும் வரும். ஆனால் அடியில் இருப்பது க்னோம் என்ற கனமான டெஸ்க்டாப், 4 ஜிபியில் மூச்சு வாங்கும். 8 ஜிபி என்றால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

பதில் (கர்னல்கிறுக்கன்):
அதுவும் சரிதான். ஆனால் எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போட்டாலும் பிரவுசரில் இருபது டேப் திறந்தால் 4 ஜிபி காலிதான்.

கேள்வி கேட்டவர்:
மின்ட் எக்ஸ்எஃப்சிஇயை பென்டிரைவில் ஏற்றி லைவாக, அதாவது நிறுவாமலே, ஓட்டினேன். வைஃபை, ஒலி இரண்டும் வேலை செய்கின்றன. நேரே இன்ஸ்டால் கொடுத்துவிடலாமா?

பதில் (ஜன்னல்தாண்டி):
மூடியை மூடித் திறந்து, தூக்கத்திலிருந்து எழுகிறதா என்றும் லைவிலேயே பாருங்கள், பழைய லேப்டாப்கள் அங்கேதான் மக்கர் செய்யும். அப்புறம், வட்டை முழுவதும் அழித்து நிறுவு என்ற தேர்வைக் கொடுத்தால் விண்டோஸோடு உங்கள் கோப்புகளும் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் வெளி வட்டில் எடுத்து வையுங்கள்.