புதுப்பிப்பு: வி.எஸ். கோடில் எக்செல் மேக்ரோ, கேள்விக்குறியாகும் தமிழ்

திருகோணமலை மாவட்டப் பிரிவுவாரிப் பட்டியலுக்கான மேக்ரோவை (எக்செல் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரலை) வி.எஸ். கோட் என்ற நிரலெழுதும் செயலியில் எழுதி எக்செலுக்குள் கொண்டுவந்தால் மூதூர், கிண்ணியா, குச்சவெளி என்ற பிரிவுப் பெயர்கள் எல்லாம் குப்பை எழுத்தாகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெளிவாகிவிட்டது.

எக்செல் மேக்ரோவின் மொழியான வி.பி.ஏ.வை எழுதும் எக்செலின் நிரல் சாளரம், தமிழ் உட்பட எல்லா மொழிகளுக்குமான யூனிகோட் எழுத்துமுறையை அறியாதது. வி.எஸ். கோடோ இயல்பில் யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8 இல் சேமிக்கும். கீழ்ப்பட்டையில் குறியாக்கத்தை (எழுத்துகளைச் சேமிக்கும் முறையை) மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ் 1252 ஆக மாற்றினாலும் அதில் தமிழுக்கு இடமே இல்லை. ஆகவே நிரலுக்குள் தமிழ் வேண்டாம். பெயர்களை மறைத்த தாளொன்றின் கலங்களில் இட்டு, அங்கிருந்து வாசியுங்கள். ஓரிரு சொல் மட்டுமென்றால் எழுத்தின் எண்ணைக் கொடுத்தால் எழுத்தைத் தரும் சிஎச்ஆர்டபிள்யூ (ChrW) கட்டளை போதும்: 2980, 3007, 2992, 3009 சேர்ந்தால் 'திரு'. முழு வாக்கியத்தை இப்படி எழுதுவது வீண் வதை. கலத்தில் சரியாக வரும் தமிழ், மெசேஜ் பாக்ஸ் என்ற சிறு அறிவிப்புப் பெட்டியில் அப்போதும் கேள்விக்குறிதான். அங்கே யூசர்ஃபார்ம் (நாமே வடிவமைக்கும் பெட்டி) வையுங்கள்.

நிரல் கோப்பை எக்செலுக்குள் இறக்குமதி செய்வதற்கு முன் பழைய மாட்யூலை (நிரல் இருக்கும் பகுதியை) நீக்குங்கள். இல்லாவிட்டால் பெயருக்குப் பின் 1 ஒட்டிய இன்னொன்று முளைக்கும். மேக்ரோவை ஓட்டத் தாளில் வைத்த பொத்தான் பழையதையே ஓட்டும். வி.எஸ். கோடில் வரிமுடிவு விண்டோஸ் முறையான சிஆர்எல்எஃப் (CRLF) ஆக இருக்கட்டும். தாள்களுக்குரிய நிரலை இறக்குமதி செய்ய வேண்டாம், அது தாளோடு சேராமல் கிளாஸ் மாட்யூல் என்ற வேறு வகையாகத் தனியே விழும், வெட்டி ஒட்டுங்கள். யூசர்ஃபார்ம் கோப்பை நகர்த்தினால் கூடவே அதன் துணைக் கோப்பான எஃப்ஆர்எக்ஸ் (.frx) கோப்பும் போகவேண்டும்.

பிழைதிருத்தம் மட்டும் இன்னும் ஆல்ட்+எஃப்11 அழுத்தித் திறக்கும் எக்செலின் நிரல் சாளரத்தில்தான்.