புரொப்பல்லர் ஏன் அரிவாள்போல் வளைந்து பதிகிறது?

கேள்வி: இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் தாழப் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை, பேஸ்மேக்கர் ஸ்பீட் கிராஃபிக் என்ற பழைய பெரிய கேமராவில், 4×5 அங்குல பிலிம் தாளில், 1/1000 வினாடியில் எடுத்தேன். புரொப்பல்லரின் அலகுகள் அரிவாள்போல் வளைந்து பதிந்துள்ளன. லென்ஸில் குறையா?

பதில் 1: லென்ஸில் குறையில்லை. கேமராவின் பின்புறத்தில், பிலிமுக்கு முன்னால் ஓடும் திரை ஷட்டர் முழுத் தாளையும் ஒரே நேரத்தில் ஒளிக்குக் காட்டுவதில்லை. சுமார் 1/8 அங்குலப் பிளவு ஒன்று மேலிருந்து கீழே ஓடுவதால், ஒவ்வொரு புள்ளிக்கும் 1/1000 வினாடியே கிடைத்தாலும், தாளின் 4 அங்குலத்தைக் கடக்க ஏறத்தாழ 1/30 வினாடி ஆகிறது. அதற்குள் புரொப்பல்லர் கால் சுற்றுக்கும் மேல் திரும்பிவிடுவதால், அலகின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு நிலையில் பதிந்து வளைந்து தெரிகிறது. லென்ஸிலுள்ள இலை ஷட்டரை 1/250-இல் வைத்து, விமானத்தோடு கேமராவையும் திருப்பியபடி எடுங்கள். அலகுகள் இயல்பாக மங்கும், அந்த மங்கலே அழகு. திரை ஷட்டரை முன்னதாகவே திறந்து வைக்க மறவாதீர்கள்.

பதில் 2: கேமராவின் பின்புறத்தில் குவியம் பார்க்க உள்ள தேய்த்த கண்ணாடியில் பறக்கும் விமானத்தைத் தேட முடியாது, ஏனெனில் பிலிம் ஹோல்டரைச் செருகியதும் அது மறைந்துவிடும். குவியத்தை முடிவிலியில் பூட்டி, கேமராவிலுள்ள, குறிபார்க்கும் கம்பிச் சட்டத்தின் வழியே பாருங்கள். ஹோல்டருக்கு இரண்டே தாள்கள் என்பதால், விமானம் திரும்பும்போதே பிலிமை மூடியுள்ள மறைப்புத் தகட்டை உருவிவிடுவது என் வழக்கம்.

கேட்டவர்: மிக்க நன்றி. அடுத்த முறை இலை ஷட்டரிலேயே முயல்கிறேன்.