மெயின்பிரேம் தரவு: ஃபைலாக வாங்குவதா, டேபிளை நேரடியாகப் படிப்பதா?

பச்சைத்திரை:
அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மெயின்பிரேமில் (பெரிய மையக் கணினியில்) இரவில் மொத்தமாக ஓடும் பேட்ச் ஜாப்களைச் சென்னையிலிருந்து கவனிக்கும் குழுவில் இருந்தேன். அங்கே நள்ளிரவு தாண்டும்போது இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். பிரீமியம் கணக்கிடும் ஜாப் பாதியிலேயே விழத் தொடங்கியது. டேட்டாபேஸ் தந்த பிழை எண், எஸ்க்யூஎல் கோடு மைனஸ் 911. டெட்லாக்கோ (இரண்டு வேலைகள் ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்து முடங்குவது), லாக்குக்காகக் காத்திருந்து நேரம் கடந்ததோ, எதுவானாலும் கமிட் ஆகாத (நிரந்தரமாகப் பதியாத) வேலை முழுவதையும் டிபி2 டேட்டாபேஸ் பழைய நிலைக்குத் திருப்பிவிடும்.

தேடியதில், புதிதாக வந்த ஓர் அறிக்கை மென்பொருள் பாலிசி டேபிளை ஜேடிபிசி (ஜாவா நிரல்கள் டேட்டாபேஸை அணுகும் முறை) வழியாக நேரடியாகப் படித்துக்கொண்டிருந்தது. படிப்பதால் என்ன கெட்டுவிடும் என்று அந்தக் குழு எண்ணியிருக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் தானாகக் கமிட் செய்யும் ஆட்டோகமிட்டை அணைத்துவிட்டு, மறுபடி படித்தாலும் அதே மதிப்பே வர வேண்டும் என்னும் ரிபீட்டபிள் ரீட் நிலையில் படித்தால், படித்த வரிகளின் லாக் கமிட் வரை விடுபடாது. லாக் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் டேபிள் முழுவதுமே பூட்டப்படும். எங்கள் ஜாப் எழுத வழியே இல்லை.

கமிட் ஆகாததையும் படித்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னார்கள். லாக் தொல்லை தீரும், உண்மைதான். ஆனால் ஒரு கணக்கில் கழிந்த தொகை மற்றொன்றில் ஏறுவதற்கு முன் படித்தால், அந்தப் பணம் அறிக்கையில் எங்குமே இருக்காது. நிதிக் கணக்குக்கு இதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பேட்ச் முடிந்தபின் டேபிளை அன்லோட் செய்து (தரவை வெளியே எடுத்து) ஃபைலாக அனுப்பினோம். ஜாப் விழுவது நின்றது.

இரவுப்பணி:
ஃபைல் என்றதும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரு வங்கிப் பணியில் நான் பார்த்தது இது. தொகைகள் ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை அடைக்கும் காம்ப்-3 வடிவில் இருந்தன. 123.45 என்றால் பைட்டுகள் (பதினாறடிமான எண்களில்) 12, 34, 5சி. கடைசியில் உள்ள சி கூட்டல் குறி. ஃபைலை அனுப்பும் எஃப்டிபியில் பைனரி (பைட்டுகளை அப்படியே அனுப்பு) என்று குறிப்பிடாமல் டெக்ஸ்ட் முறையில் அனுப்பிவிட்டார்கள். மெயின்பிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கிலிருந்து மற்றக் கணினிகளின் ஆஸ்கிக்கு மாற்றும் அட்டவணை 34-ஐ 94 ஆக்கியது. 5சி எப்சிடிக்கில் நட்சத்திரக் குறி. ஆஸ்கியில் அதுவே 2ஏ. அந்த ஏ-யும் கூட்டல் குறியாகவே செல்லும். ஆக, மறுமுனையில் 129.42! பிழைச் செய்தி எதுவும் இல்லை.

காப்பாற்றியது, ஃபைலின் கடைசியில் சரிபார்ப்புக்காக வரும் டிரெய்லர் ரெக்கார்டு. அதில் மொத்தத் தொகை சாதாரண இலக்கங்களாக எழுதப்பட்டிருந்ததால் கெடாமல் வந்து சேர்ந்தது. ரெக்கார்டு எண்ணிக்கை சரி, கூட்டுத்தொகை உதைத்தது. ஏற்றுவதற்கு முன்பே நிறுத்திவிட்டோம். ஜேடிபிசியில் டிரைவரே (இணைப்பு மென்பொருளே) தசமத்தைச் சரியாக மாற்றித் தந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் வந்தது முழுமையா என்று சரிபார்க்க அங்கே டிரெய்லர் கிடையாது. மொத்தத் தரவுக்கு என் ஓட்டு ஃபைலுக்கே.

பச்சைத்திரை:
மொத்தத் தரவுக்கு, ஆம். பாலிசிதாரர் தொலைபேசியில் காத்திருக்கும்போது நேற்றைய ஃபைல் உதவாது. அவர் கேட்கும் அந்த ஓர் எண்ணுக்கு நேரடி அணுகல்தான் வேண்டும். ஆனால் டேபிளைத் திறந்துவிடக் கூடாது. நாங்கள் ஒரு ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கும் நிரல்) எழுதி, அதை இயக்கும் உரிமையை மட்டும் கொடுத்தோம். பின்னர் பாலிசி டேபிளை இரண்டாகப் பிரித்தபோது புரொசீஜரை மட்டும் திருத்தினோம். அழைக்கும் பக்கத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.